வறண்ட பாலாற்றில் எதைக் கணக்கெடுப்பது? ஒரு பருவகால இன்டர்ன்ஷிப் பற்றிய கேள்விக்குப் பதில்

நீங்கள் வேலூரில் பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருடம் படிக்கிறீர்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை பாலாற்றுப் படுகையிலும் அதை ஒட்டிய ஏரிகளிலும் வனவிலங்குக் கண்காணிப்புக்கு ஓர் அமைப்பு இன்டர்ன்ஷிப் தருகிறது. வாரத்துக்கு இரண்டு நாள் விடியற்காலை வேலை, கொடுக்கும் தொகை பஸ் செலவுக்குத்தான் காணும் என்கிறீர்கள். வருடத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆற்றில் என்ன விலங்கு இருக்கிறது, இந்த வேலை யாருக்காவது பயன்படுமா, பறவைப் பெயர் சரியாகத் தெரியாமல் சேரலாமா, வீட்டில் பயப்படுகிறார்களே அவர்களுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு கேள்வியாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. ஆறு மாதம் இருட்டில் எழுந்து போய் நான் எழுதி வைக்கப்போகும் எண்களுக்கு மதிப்பு உண்டா என்பதே அது. உண்டு, ஆனால் ஒரே முறையில், ஒரே இடத்தில், இடைவிடாமல் எழுதினால்தான் உண்டு. அது உங்கள் உழைப்பை மட்டும் பொறுத்ததில்லை; உங்களைச் சேர்த்துக்கொள்பவர்கள் வேலையை எப்படி வகுத்திருக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது.

நான் வனவிலங்கு உயிரியல் படித்தவன். ஆற்காடு, வாலாஜா, காவேரிப்பாக்கம் பக்கத்து ஏரிகளில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் பல வருடங்களாக இருக்கிறேன். மாணவர்களைக் களத்துக்குக் கூட்டிப்போய்ப் பழக்கியும் வருகிறேன். பறவைகள், ஊர்வன, கணக்கெடுக்கும் முறை ஆகியவற்றைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். மீன், பூச்சி என்றால் என் பயிற்சி குறைவு, அதனால் அந்தப் பக்கம் அதிகம் போகமாட்டேன். அமைப்பின் பெயரை நீங்கள் சொல்லவில்லை, ஆகவே அவர்கள் எப்படி என்று நான் தீர்ப்புச் சொல்ல வழியில்லை. அவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஆறு. பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடிக்கு மேலே தமிழ்நாட்டுக்குள் வருகிறது. மொத்த நீளமான 348 கிலோமீட்டரில் 222 கிலோமீட்டர் நம்முடையது. ஆம்பூர், வேலூர், ஆற்காடு, காஞ்சிபுரம் வழியாகப் போய் செங்கல்பட்டு மாவட்டத்தில் வயலூர் அருகே கடலில் கலக்கிறது. பாலத்தில் பஸ்ஸில் போகும்போது நாம் பார்ப்பது மணலும் சீமைக் கருவேலமும்தான். ஆனால் ஓர் ஆற்றின் வெள்ளச் சமவெளி அந்த மணலோடு முடிவதில்லை. பெருக்கு வந்தால் தண்ணீர் எங்கெல்லாம் பரவுமோ, மனிதர்கள் வாய்க்கால் வெட்டி அதை எங்கெல்லாம் கொண்டுபோனார்களோ, அதெல்லாம் சேர்ந்ததுதான் பாலாற்றுச் சமவெளி. வாலாஜா அருகே 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய பாலாறு அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்கள்தான் காவேரிப்பாக்கம் ஏரிக்கும் மகேந்திரவாடி ஏரிக்கும் தண்ணீர் தருகின்றன. மகேந்திரவாடியில் ஒற்றைப் பாறையைக் குடைந்த பல்லவர் கோயிலின் கல்வெட்டே அங்கிருந்த ஏரியை மகேந்திர தடாகம் என்று குறிப்பிடுகிறது. அதாவது ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஏரி, அதன் உபரி நீர் வழியும் கலங்கல், கழனி, ஊற்றுக்கால்வாய், ஆற்றோர நாணல், நடுவில் மணல் என்று எல்லாம் ஒன்றோடொன்று கோத்த வாழிடம் இது. பறவை இதில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய் வந்துகொண்டே இருக்கும். மணலை மட்டும் பார்த்துவிட்டு எதுவும் இல்லை என்றால், பாதி வீட்டைப் பார்த்துவிட்டு ஆள் இல்லை என்று சொல்வதைப் போன்றது.

அந்த மணலும் சும்மா கிடப்பதில்லை. விடிந்து வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படுகையில் இறங்கிப் பாருங்கள், இரவு முழுக்க நடந்தது எழுதி வைத்தாற்போல இருக்கும். உடும்பு போன இடத்தில் நடுவில் வால் இழுத்த கோடும் இரண்டு பக்கமும் நகம் பதிந்த காலடியும் தெரியும். கீரி வந்தால் சின்னச் சின்னப் பாதங்கள், நகத்தோடு. நரித் தடத்தையும் நாய்த் தடத்தையும் பிரிப்பதுதான் எல்லாருக்கும் குழப்பம். நாயின் பாதம் அகலமாக, விரல்கள் விரிந்து, நடை கோணல்மாணலாகப் போகும். நரியின் பாதம் ஒடுக்கமாக இருக்கும், நடு இரண்டு விரல் மெத்தைகளும் அடியில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், நடை பெரும்பாலும் ஒரே கோட்டில் நேராகப் போகும். ஈரமணலில் இந்த ஒட்டு நன்றாகப் பதியும். காய்ந்த மணலில் பதியாது. பதியாத இடத்தில் நரி என்று எழுதக் கூடாது, நாய் அல்லது நரி என்றுதான் எழுத வேண்டும். எட்டு, ஒன்பது மணிக்குள் மாடும் ஆடும் இறங்கிவிடும், காற்றும் கிளம்பிவிடும், அப்புறம் ஒன்றும் படிக்க முடியாது. உங்களுக்கு விடியற்காலை வேலை வைத்திருக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பதும் அந்த நேரம்தான்.

சரி, இப்போது எண்களுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியின் மையம் அதுதான். கண்காணிப்பு என்பது அரிய பறவையைத் தேடிப் போவதில்லை. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே அளவு நேரம் நின்று, கண்ணில் பட்ட அத்தனையையும், பொதுவாக இருந்தவற்றில் அன்று இல்லாதவற்றையும் எழுதுவது. ஏரிக்கரையில் நான்கு இடங்களைக் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் நிற்கச் சொன்னால், நான்கிலும் பத்து நிமிடம் நிற்க வேண்டும். மூன்றாவது இடத்தில் எப்போதும் ஒன்றுமே இருப்பதில்லை என்று அதை விட்டுவிட்டு, முதல் இடத்தில் நாரைக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றால், அந்த நாளின் கணக்கை வேறெந்த நாளோடும் ஒப்பிட முடியாமல் போய்விடும். மூன்றாவது இடத்தில் பூஜ்யம் என்று எழுதுவதும் ஒரு தகவல்தான். புதிதாக வருகிற மாணவர்கள் பெரும்பாலும் பூஜ்யத்தை எழுதுவதில்லை, அந்த வரியை வெறுமனே விட்டுவிடுகிறார்கள். பிறகு அதை எடுத்துப் பார்ப்பவருக்கு அங்கே பறவை இல்லையா, ஆள் போகவில்லையா என்று தெரியாது. அந்தச் சந்தேகம் ஒன்று போதும், மொத்தப் பதிவையும் ஒதுக்கி வைக்க.

தண்ணீர் மட்டத்தை எழுதாத பறவைக் கணக்கும் அப்படித்தான். இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், நம் ஏரிகளில் இதுதான் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிறது. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து, ஏரி நிரம்பி, உபரி நீர் வழிந்து கோடி போகிறது என்று வையுங்கள். ஊரே கரையில் நின்று பார்க்கும். ஆனால் அந்த வாரத்தில் பறவைக் கணக்கெடுத்தால் எண் குறைவாகத்தான் வரும். நாரைக்கும் கொக்குக்கும் உள்ளானுக்கும் நின்று தின்ன ஆழமில்லாத தண்ணீர் வேண்டும். நிரம்பிய ஏரியில் அது கரையோரம் ஒரு கீற்று மட்டுமே இருக்கும். முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம் போல நீந்துகிற, மூழ்குகிற பறவைகளுக்கு மட்டும் அது கொண்டாட்டம். ஜனவரி கடைசியில் மட்டம் இறங்க இறங்கச் சேறு தெரியும். பிப்ரவரியில் அதே ஏரியில் நத்தை குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் பொரி உள்ளானும் கூட்டமாக இறங்கும். அதே போல, மழை நன்றாகப் பெய்த வருடம் எல்லா ஏரியிலும் தண்ணீர் நிற்கும், பறவைகள் பரவிப் போய்விடும், ஓர் ஏரியில் எண் குறையும். மழை பொய்த்த வருடம் தண்ணீர் மிஞ்சியிருக்கும் இரண்டு மூன்று ஏரிகளில் எல்லாம் வந்து அடையும், அங்கே எண் எகிறும். தண்ணீர் மட்டம் பக்கத்தில் இல்லாமல் இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர், வறட்சி வந்தால் பறவைக்கு நல்லது என்று முடிவு கட்டிவிடுவார். எனவே மதகில் அளவுகோல் இருந்தால் அதைப் படித்து எழுதுங்கள். இல்லாவிட்டால் மதகுப் படியில் எத்தனையாவது படி வரை தண்ணீர் நிற்கிறது என்று எழுதி, ஒவ்வொரு முறையும் அதே இடத்திலிருந்து ஒரு போட்டோ எடுங்கள். மதகு திறந்துவிடும் நீர்க்கட்டியிடம் பேசிப் பழகிக்கொண்டால், எந்தத் தேதியில் திறந்தார்கள், எப்போது மூடினார்கள் என்ற விவரமும் கிடைக்கும். அது எந்தக் கருவியிலும் கிடைக்காது.

கணக்கெடுப்பில் இன்னும் இரண்டு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று, பெரிய கூட்டத்தை எண்ணுவது. முந்நூறு வாத்து சேர்ந்து மிதந்தால் கண் எப்போதும் குறைத்துத்தான் மதிப்பிடும். கூட்டத்தின் ஓரத்திலிருந்து பத்தை ஒவ்வொன்றாக எண்ணுங்கள், அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வாங்கிக்கொண்டு, அதே அளவை மீதிக் கூட்டத்தின் மேல் அடுக்கிக்கொண்டே போங்கள். முடிந்தால் இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, எழுதி முடித்த பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் மாதம் முழுக்க இப்படிச் செய்தால் இருவர் கண்ணும் ஓரளவு ஒன்றுக்கு வரும். கூட்டம் பறந்து அடுத்த இடத்தில் இறங்கினால் எந்தப் பக்கம் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அதையே மறுபடி எண்ணுவீர்கள். இரண்டாவது, வாத்து மேய்ப்பவர்கள். அறுவடை முடிந்த கழனியிலும் ஏரியிலும் வளர்ப்பு வாத்துகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் புதியவர்கள் அதைக் காட்டு வாத்து என்று எண்ணிவிடுவார்கள். கரையில் கூடாரமும் வலைத் தட்டியும் தெரிந்தால் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். எங்கே என்ன பறவை இறங்குகிறது என்று அவர்கள் சொல்லும் விவரம் நிறையத் தடவை சரியாக இருக்கும்.

பறவைப் பெயர் தெரியாது என்பது தடையே இல்லை. பாலாற்றுப் பக்கம் அடிக்கடி கண்ணில் படுவது நாற்பது ஐம்பது இனங்கள்தான், இரண்டு மாதத்தில் அவை பழகிவிடும். மடையான், உண்ணிக்கொக்கு, சின்னக்கொக்கு, சாம்பல் நாரை, மஞ்சள் மூக்கு நாரை, புள்ளி மூக்கு வாத்து, தாழைக்கோழி, மீன்கொத்திகள், ஆள்காட்டி ஆகியவற்றை முதல் வாரத்திலேயே பிடித்துவிடலாம். வலசை வருகிற உள்ளான்கள்தான் எல்லாரையும் படுத்தும். பொரி உள்ளானும் பச்சை உள்ளானும் ஒரே குட்டையில் நிற்கும், உட்கார்ந்திருக்கும்போது இரண்டும் ஒன்று போலவே தோன்றும். எழுந்து பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பச்சை உள்ளானுக்கு அது கறுப்பாக இருக்கும், வெள்ளை இடுப்பு பளிச்சென்று தெரியும். பொரி உள்ளானுக்கு அடிப்பக்கம் வெளிறியிருக்கும், கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம் தெளிவாக இருக்கும். இரண்டும் தெரியாமல் பறந்துவிட்டால், உள்ளான், இனம் தெரியவில்லை என்று எழுதுங்கள். அப்படி எழுதுகிறவரின் மற்ற வரிகளை நான் நம்புவேன். எல்லாவற்றுக்கும் பெயர் எழுதியிருக்கும் நோட்டைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். காவேரிப்பாக்கம் போன்ற பெரிய ஏரியில் பைனாகுலர் மட்டும் போதாது, முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி வேண்டும். அது அமைப்பிடம் இருக்கிறதா என்று கேளுங்கள், நீங்கள் வாங்க வேண்டியதில்லை. உங்களுக்கென்று வேண்டியது எட்டு மடங்கு பெரிதாக்கும் ஒரு சாதாரண பைனாகுலர், கெட்டி அட்டை நோட்டு, பென்சில். பால்பாயின்ட் பேனா மழையில் ஊறிய தாளில் எழுதாது.

ஆறு மாத முடிவில் என்ன சொல்ல முடியும், என்ன சொல்ல முடியாது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். எந்தெந்த இனம் எந்த மாதத்தில், எவ்வளவு தண்ணீரில், ஏரியின் எந்தப் பகுதியைப் பயன்படுத்தியது என்று உறுதியாகச் சொல்லலாம். பின்னால் வருபவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படையும் கிடைக்கும். ஆனால் ஓர் இனம் குறைகிறது, கூடுகிறது என்று ஒரு பருவத்தை வைத்துச் சொல்லவே முடியாது. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். வேலூரிலும் ராணிப்பேட்டையிலும் பல வருடங்களாகப் பார்க்காத தண்ணீர் அது. அந்த ஒரு பருவத்தை மட்டும் பதிவு செய்தவருக்குப் பாலாறு ஒரு விதமாகத் தெரியும், வறண்ட வருடத்தை மட்டும் பதிவு செய்தவருக்கு வேறு விதமாகத் தெரியும். இரண்டும் ஒரே முறையில் எடுக்கப்பட்டிருந்தால்தான் அருகருகே வைத்துப் பேசலாம். கண்ணில் படவில்லை என்பதும் இல்லை என்பதும் வேறு வேறு என்பதையும் மறக்காதீர்கள். மழைக்குப் பிறகு நாணலும் கோரையும் ஆளுயரம் வளர்ந்துவிட்டால் தாழைக்கோழி உள்ளேயே இருக்கும், வெளியே தெரியாது. எண்ணிக்கை குறைந்தது பறவையாலா புல்லாலா என்று எழுதப்பட்ட குறிப்பிலிருந்துதான் கண்டுபிடிக்க முடியும்.

எனக்கே தெளிவான முடிவில்லாத ஒன்று சீமைக் கருவேலம். படுகையை அடைத்துக்கொண்டு வளர்கிறது, நாட்டுத் தாவரங்களை நெருக்குகிறது, இதில் சந்தேகமே இல்லை. ஆனால் வேறு மரமே இல்லாத ஏரிகளில் கொக்கும் நீர்க்காகமும் அதன் மேல்தான் அடைகின்றன, சில இடங்களில் கூடும் கட்டுகின்றன. ஒரே நாளில் ஜேசிபி வைத்து எல்லாவற்றையும் வாரினால் அந்தப் பறவைகள் எங்கே போகும் என்று யாராவது முன்னும் பின்னும் கணக்கெடுத்திருக்க வேண்டும். உங்கள் ஏரியில் அப்படி ஒரு வேலை நடக்கப் போகிறது என்று தெரிந்தால், அதற்கு முன்பே அடையும் பறவைகளைச் சாயங்காலத்தில் எண்ணி வைத்துவிடுங்கள். கருவேலத்தை எடுப்பதா வேண்டாமா என்ற விவாதத்துக்கு அந்த எண்கள் மிகவும் தேவை.

அக்டோபர் முதல் வாரத்தில் வேலை உண்மையிலேயே தொடங்குகிறதா என்று பாருங்கள். ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு, நவம்பர் நடுவில் ஆள் எடுத்து ஆரம்பிப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. ஆனால் தண்ணீர் வருவதற்கு முந்தைய வறண்ட படுகையின் பதிவு இல்லாமல், வெள்ளம் என்ன மாற்றியது என்று எப்படிச் சொல்வது? எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அந்த இரண்டு மூன்று வாரம்தான். மறுமுனையில் மார்ச்சோடு முடிப்பதும் குறைதான். ஆள்காட்டி முட்டையிடத் தொடங்குவதே மார்ச்சில்தான். கூழாங்கல் நடுவில் ஒரு சின்னக் குழி, அதில் நான்கு முட்டை, கூர் முனைகள் உள்நோக்கி, நிறமும் புள்ளியும் கல்லைப் போலவே இருக்கும். கால் வைக்கும் வரை தெரியாது. தாய்ப்பறவை தலைக்கு மேல் கத்திச் சுற்றினால் நின்ற இடத்திலேயே நின்று, வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள். மணல் வண்டியும் டிராக்டரும் போகிற படுகையில் இந்தக் கூடுகள் எத்தனை தப்புகின்றன என்பது கேட்க வேண்டிய கேள்வி. மே வரை மாதம் ஒருமுறையாவது போய்வர அனுமதிப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்குச் சொல்ல வேண்டியதை மறைக்காமல் சொல்கிறேன். இங்கே பயப்பட வேண்டியது புலி, சிறுத்தைக்கு இல்லை, தண்ணீருக்கும் குழிக்கும் பாம்புக்கும்தான். மணல் அள்ளிய பள்ளங்கள் பெருக்கு வந்ததும் நிரம்பிவிடும். மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர் போலத் தெரியும், உள்ளே ஆள் முங்கும் ஆழம். ஆற்றில் தண்ணீர் ஓடும்போது யார் சொன்னாலும் குறுக்கே இறங்காதீர்கள். பாலாற்றின் துணையாறான பொன்னை ஆற்றுப் பக்கம் என்றால் ஆந்திரத்தில் கலவகுண்டா அணை திறந்தால் இங்கே மழையே இல்லாமல் தண்ணீர் வரும். அன்றைய எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வரப்பில் கண்ணாடி விரியன் இருக்கும், கணுக்கால் மூடும் ஷூவும் இருட்டில் டார்ச்சும் கட்டாயம். கடித்தால் கட்டுப் போடக் கூடாது, கீறக் கூடாது, கையை காலை அசைக்காமல் நேராக அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ சி.எம்.சி.க்கோ போக வேண்டும். நம் ஊர்க் கொடிய நான்கு பாம்புகளுக்கும் பொதுவான விஷமுறிவு மருந்து இருக்கிறது. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் இடம் கொடுத்தால் வனத்துறை ஆள் இல்லாமல் போகவே வேண்டாம், ஆந்திரத்தின் கவுண்டின்யா சரணாலயத்திலிருந்து யானை இறங்கும் பகுதி அது. அப்புறம் மிக எளிய ஒரு விதி: தனியாகப் போகக் கூடாது. இரண்டு பேராக அனுப்புவோம் என்று அமைப்பு எழுத்தில் தரவில்லை என்றால், உங்கள் வீட்டார் வேண்டாம் என்பது நியாயம்தான். நானாக இருந்தாலும் என் பெண்ணை அனுப்ப மாட்டேன்.

சட்டத்தில் சிக்கிக்கொள்ளாமல் இருக்கவும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பொது ஏரிக்கரையில் நின்று பறவையைப் பார்க்க, எண்ண யார் அனுமதியும் வேண்டாம். பிடிப்பது, கையில் எடுப்பது, கூட்டையும் முட்டையையும் தொடுவது எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும். உடும்பும் பாலாமையும் அந்தச் சட்டத்தில் மிக அதிகப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருப்பவை. வலையில் சிக்கிய ஆமையை மாணவர்கள் கையில் தூக்கி செல்ஃபி எடுத்துப் போடுவதைப் பார்க்கிறேன், அது நல்ல எண்ணத்தில் செய்தாலும் குற்றமாகலாம். காப்புக்காட்டுக்குள் நுழையவும், விலங்கு கடந்தால் தானாகப் படமெடுக்கும் கேமரா பொறி வைக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும், அதை வாங்க வேண்டியது அமைப்புதான், நீங்கள் இல்லை.

தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் பாலாற்றில் இறங்கினால் அது கண்ணில் படாமல் போகாது. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தியதே இந்த ஆற்றுக்காகத்தான். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்றைப் பற்றி மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. நுரையோ செத்த மீனோ தெரிந்தால் இடம், நேரத்தோடு போட்டோ எடுத்து மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். பையில் வைத்திருக்கும் சின்ன டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைத்தான் மறைமுகமாகக் காட்டும். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் இருக்கிறதா என்று அதால் சொல்ல முடியாது, அதற்கு முறைப்படி மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மீட்டரில் எண் அதிகமாக வந்ததை வைத்து ஒரு தொழிற்சாலையின் பெயரைச் சொல்லிவிட்டால், உண்மையான புகாரும் நிற்காமல் போகும்.

இதனால் வேலை கிடைக்குமா என்றால், நேரடியாக என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மேற்படிப்புக்கு உதவும். மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலோ டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்திலோ வனவிலங்கு உயிரியல் படிக்கப் போகிறவரிடம், ஒரு பருவம் முழுக்கத் தானே எடுத்த ஒழுங்கான பதிவு இருந்தால் நேர்முகத்தில் பேசுவதற்கு விஷயம் இருக்கும். வெறும் சான்றிதழுக்கு அந்த எடை கிடையாது. ஆகவே சேர்வதற்கு முன் அவர்களிடம் இதைக் கேளுங்கள்: எழுதி வைத்த செயல்முறை இருக்கிறதா, அதைக் காட்டுவார்களா? போன வருடப் பதிவு எங்கே இருக்கிறது, நான் பார்க்கலாமா? நான் எடுக்கும் பதிவின் பிரதி என்னிடம் இருக்குமா, அறிக்கையில் என் பெயர் வருமா? ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்போடு இதைச் சேர்ப்பார்களா? 1987 முதல் நடந்துவரும் கணக்கெடுப்பு அது, அதோடு சேர்ந்தால் உங்கள் ஏரியின் எண்கள் மற்ற நாடுகளின் எண்களோடு ஒரே அட்டவணையில் நிற்கும். விபத்துக் காப்பீடு உண்டா என்பதையும் கேளுங்கள். போன வருடப் பதிவைக் காட்டத் தயங்குகிறவர்கள், உங்கள் பதிவையும் ஏதோ ஒரு அலமாரியில் போட்டுவிடுவார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அதற்கு ஆறு மாத விடியற்காலையைக் கொடுக்க வேண்டாம்.

தொடங்க இன்னும் சில வாரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவரை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஓர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள், சின்னக் குட்டையாக இருந்தாலும் சரி. வாரம் ஒருநாள், காலை ஆறரைக்கு, அப்பாவையோ தம்பியையோ கூட்டிக்கொண்டு, வெயில் முதுகில் விழும்படி ஒரே இடத்தில் அரை மணி நேரம் நின்று எழுதுங்கள். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் செயலியில் பதிவேற்றும்போது பார்த்த எல்லா இனத்தையும் சேர்த்துவிட்டேனா என்று ஒரு கேள்வி வரும், அதற்கு ஆம் என்று சொல்ல முடிகிற மாதிரி எழுதிப் பழகுங்கள். மூன்று நான்கு வாரத்தில் இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து இங்கே போட்டால், எழுதிய முறையில் என்ன திருத்த வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.